17ஆம் குழியில் நான் தலையாட்டியது

ஈசூன்

போன வாரம் கோல்ஃப் போட்டியில் ஒரு பையனுக்கு மார்க்கராக, அதாவது அவன் எண்ணிக்கையைக் கார்டில் எழுதுபவனாகப் போனேன். பதினாறு வயது இருக்கும். 12ஆம் குழிக்குப் போகும் ஃபேர்வே புல்வெளியில் அடிக்க மட்டையை மேலே தூக்கிவிட்டான், சரியாக அந்த நேரம் பார்த்து இடி எச்சரிக்கைச் சைரன். பாதியிலேயே நிறுத்தினான். பந்துக்குப் பின்னால் ஒரு டீயை (பந்தை வைத்து அடிக்கும் சின்ன முளை) குத்தி வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2018 நவம்பர், தீபாவளி முடிந்து இரண்டாவது ஞாயிறு. ஆண்டிறுதி மெடல் போட்டி, இரண்டாம் நாள். எந்த கிளப் என்று சொல்ல வேண்டாம். அந்த மாதத்தில் ஆட்டம் தொடங்கப் பிற்பகல் நேரம் கிடைத்தால் என்ன ஆகும் என்று சிங்கப்பூரில் எல்லாருக்கும் தெரியும். மூன்று மணிக்கே ஜோகூர் பக்கம் கறுத்துவிட்டது.

என் மார்க்கரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். எனக்கு முதல் அயர்ன் மட்டை செட் கொடுத்தவர். விதிப்புத்தகத்தை எப்போதும் பையில் வைத்திரு என்றவர். கார்டில் எழுதும் முன்னால் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பழக்கியவரும் அவர்தான். 16 முடிந்தபோது நெட்டில் (ஹேண்டிகேப் சலுகையைக் கழித்த எண்ணில்) இருவரும் சமம். அவர் என் கார்டை வைத்திருந்தார், நான் அவருடையதை.

17, பார் 4, நான்கு முறை அடித்து முடிக்க வேண்டிய குழி. என் பந்து குழிக்கு ஐந்தடி, இறக்கத்தில், இடமிருந்து வலமாக ஒரு கப் அளவு திரும்பும். அவருடையது மூன்றடி, உள்ளே போனால் பார். நான்தான் முதலில் அடிக்க வேண்டும். அவர் கொடியை உருவிக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். இப்போது கொடியைக் குழியிலேயே விட்டு அடிக்கலாம், 2019இல் விதி மாறிவிட்டது. அப்போது குழியைச் சுற்றியுள்ள கிரீனிலிருந்து அடித்த பந்து கொடியில் பட்டால் தண்டமாக இரண்டு ஸ்ட்ரோக் (அடி) கூடும். அதனால்தான் இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. சைரன் தொடங்கியபோது கொடி அவர் கையில் இருந்தது.

விடாமல் ஊதிய ஒற்றைச் சைரன். மூன்று முறை விட்டு விட்டு ஊதினால் தொடங்கிய குழியை முடித்துவிட்டுப் போகலாம். நீளமாக ஒன்று என்றால் இருந்த இடத்தில் நிறுத்த வேண்டும். தேசிய சேவையில் கேட் ஒன் என்ற இடி எச்சரிக்கையைக் கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நான் பட்டர் மட்டையை விலக்கிவிட்டுக் குனிந்து பந்துக்குப் பின்னால் ஐம்பது காசு நாணயத்தை வைத்தேன். நிமிர்ந்தபோது கொடி புல்லில் கிடந்தது. அவர் தன் பந்தருகே இருந்தார். காலைக்கூடச் சரியாக ஊன்றாமல், ஒற்றைக் கையால் தட்டினார். உள்ளே போனது. சைரன் சத்தத்தில் பந்து விழுந்த ஓசை கேட்கவில்லை.

"சைரனுக்கு முன்னாடியே அடிச்சிட்டேன், சரிதானே தம்பி?"

எங்களோடு ஆடிய மூன்றாமவர் அதற்குள் பகி வண்டியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். அண்ணன் பந்தைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

ஒதுங்கிடத்தில் ஒரு மணி இருபது நிமிடம். அவர் எனக்கு மைலோ வாங்கிக் கொடுத்தார். மகளின் பல்கலைக்கழக விஷயம் பேசினார். நான் ஈரக் கையுறையைப் பிழிந்துகொண்டே இருந்தேன். இரண்டு குட்டைச் சைரன் ஊதியதும் திரும்பிப் போனோம். என் ஐந்தடி பட் (பந்தைக் குழிக்கு உருட்டும் அடி), நனைந்த கிரீனில் குழிக்கு அரையடி முன்னால் நின்றது. 18இல் இருவரும் பார். ஒரு ஸ்ட்ரோக்கில் அவர் ஜெயித்தார், நான் இரண்டாவது.

தோற்றது உறுத்தவில்லை. கார்டு கொடுக்கும் மேசையில் அவருடைய கார்டின் 17ஆம் கட்டத்தைப் பார்த்தேன். 4 என்று என் கையெழுத்து. எழுதும்போது வாய்விட்டுச் சொன்னேனா என்று நினைவில்லை. கீழே கையொப்பம் போட்டேன்.

கோவிடுக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து ஆடவில்லை, அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர்தான் முதலில் அழைப்பார். அன்று நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும். இத்தனை வருடம் கழித்து என்ன செய்வது?


பிடோக்

ஈசூன் நண்பருக்கு. நடந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் தலையாட்டியதுதான் இதில் பெரிய விஷயம். அவர் அடித்ததை நீங்கள் பார்த்தீர்கள், பேசாமல் இருந்தீர்கள் என்றால் அது வேறு. இங்கே அவர் கேட்டார், நீங்கள் சரி என்றீர்கள். அப்போதைய விதி 1-3, விதியை விட்டுவிட இருவர் ஒத்துக்கொண்டால் இருவரும் வெளியே. போட்டி முடிந்துவிட்டது என்பதும் பதிலாகாது. தகுதி நீக்கத்துக்குரிய விதியை மீறியது தெரிந்தே கார்டு கொடுத்திருந்தால் அப்புறமும் நீக்கலாம், பழைய 34-1 அதைத்தான் சொல்கிறது.

நான் இவ்வளவு கடுமையாகச் சொல்லக் காரணம் உண்டு. 2014இல் எங்கள் ஃபிளைட்டில், அதாவது சேர்ந்து ஆடிய குழுவில், ஒருவர் சைரனுக்குப் பிறகு "பந்து டீயில இருக்கு லா, ஒண்ணே ஒண்ணு" என்று அடித்தார். நாங்கள் மூன்று பேரும் அவருக்காக நின்றோம். அப்புறம் நடந்து வரும்போது, ஐம்பது அறுபது மீட்டரில், ஒரு தூங்குமூஞ்சி மரத்தில் இடி இறங்கியது. மறுநாள் போய்ப் பார்த்தேன். உச்சியிலிருந்து வேர் வரை பட்டை ஒரே கீற்றாக, வாழைமட்டையை உரித்ததுபோல உரிந்து கிடந்தது. உள்ளே மரம் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகு சைரன் விஷயத்தில் நான் யாருக்கும் இரக்கம் காட்டுவதில்லை.


ஜூரோங்

பிடோக் சொல்வதை ஏற்க முடியவில்லை. ஒத்துக்கொள்வது என்றால் விதி இது, இதை விட்டுவிடுவோம் என்று இருவரும் தெரிந்து முடிவெடுப்பது. தலைக்கு மேல் இடி, எதிரே ஆட்டம் சொல்லிக்கொடுத்த மூத்தவர், கேள்வியே "முன்னாடியே அடிச்சிட்டேன்" என்று பதிலோடு வருகிறது. அந்த இடத்தில் தலை தானாக ஆடும். அதை ஒப்பந்தம் என்று எந்தக் குழுவும் சொல்லாது. கையொப்பம் போட்டது வேறு கதை. அங்கே ஈசூன் நண்பருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் யோசிக்க நேரம் இருந்தது.

என் அனுபவம். பழைய ஜூரோங் மைதானத்தில், அது 2016இல் கைவிட்டுப் போவதற்குக் கொஞ்ச காலம் முன்னால். (அதிவேக ரயிலுக்காக எடுத்த இடம். ரயில் திட்டமே 2021 ஜனவரியில் கைவிடப்பட்டது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் மனது கனக்கும்.) சோய்சியா புல் தெரியுமே, பந்து பிரஷ் மயிர்மேல் உட்கார்ந்த மாதிரி நிற்கும். மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தேன். பந்தின் மேலிருந்த எழுத்து கொஞ்சம் கீழே இறங்கியதுபோல் இருந்தது. அவ்வளவுதான். உடனே கையைத் தூக்கி, பந்து அசைந்தது, ஒரு ஸ்ட்ரோக் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். மார்க்கர் அருகில் வந்து பார்த்துவிட்டு, "எதுவும் அசையல, ஆடுங்க" என்றார். நான் விடவில்லை. அந்த ஒரு ஸ்ட்ரோக்கில் இறுதிச் சுற்று போனது.

1925 அமெரிக்க ஓப்பனில் பாபி ஜோன்ஸ் இப்படித் தானே தன் மேல் ஒரு ஸ்ட்ரோக் போட்டுக்கொண்டு, கடைசியில் பிளே-ஆஃபில் தோற்றார் என்று எல்லாரும் சொல்வார்கள். நண்பர்கள் என்னையும் அப்படித்தான் பாராட்டினார்கள். ஆனால் அவருக்குப் பந்து அசைந்தது தெரியும். எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அந்த எழுத்து இறங்கியதா, நான் தலையைச் சாய்த்தேனா? நேர்மை என்று நினைத்துச் செய்தது உண்மைதானா என்பதே எனக்குக் குழப்பம். ஈசூன் நண்பருக்காவது என்ன நடந்தது என்று உறுதியாகத் தெரியும்.


தெம்பனிஸ்

எல்லாரும் தலையாட்டியதையே பேசுகிறீர்கள். அந்த ஐந்தடி பட் யார் கண்ணிலும் படவில்லை. எனக்கும் ஒருமுறை செலேத்தார் பக்கம் மழைக்குப் பின் நாலடி பட் குறைந்து நின்றது, அதிலிருந்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

மழை நின்று திரும்பியதும் முதலில் பட்டின் வழியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கிரீனில் உங்கள் பந்துக்கும் குழிக்கும் நடுவே தண்ணீர் தேங்கி நின்றால் இலவசமாக இடம் மாற்றிக்கொள்ளலாம், முன்பைவிடக் குழிக்குக் கிட்டே மட்டும் போகக்கூடாது. பலர் இதைக் கேட்பதே இல்லை, வெட்கப்படுகிறார்கள். அடுத்தது புல்லின் சாய்வு. நம் ஊர் பெர்முடா கிரீன்களில் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் பளபளப்பாகத் தெரியும், எதிர்ப்பக்கம் அடர்பச்சை. பளபளப்பு என்றால் புல் உங்களைவிட்டு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பந்து ஓடும். அடர்பச்சை என்றால் எதிர்ச்சாய்வு. எதிர்ச்சாய்வோடு ஈரமும் சேர்ந்தால் ஐந்தடியை ஏழடியாக நினைத்து அடிக்க வேண்டும். வேகம் கூடினால் வளைவு குறையும், அதனால் ஒரு கப் திரும்பும் என்று முன்னால் போட்ட கணக்கு செல்லாது, அரைக் கப் போதும். ஒதுங்கிடத்தில் உட்கார்ந்து அதே பட் அடியை மனதில் நூறு முறை அடிக்காதீர்கள். நீங்கள் அடித்துப் பார்ப்பது காய்ந்த கிரீனில், திரும்பிப் போவது வேறொரு கிரீனுக்கு. அதற்குப் பதில் எழுந்து நடங்கள். முதுகு இறுகிவிடும். ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள். மைலோ வேண்டாம், பால் வயிற்றில் கனக்கும். பையில் ஜிப் பையில் போட்ட காய்ந்த கையுறை இரண்டு, ஒரு ஜோடி காலுறை, சின்னத் துண்டு எப்போதும் இருக்கட்டும். கிரிப்பைத் துடைத்துத் தலைகீழாகச் சாய்த்து வையுங்கள். நம் ஊர் வீரர் மர்டான் மமாட், ஆட்டக்காரர்களின் பையைத் தூக்கும் கேடியாக (caddie) இருந்து வளர்ந்து 2006இல் சிங்கப்பூர் மாஸ்டர்ஸ் ஜெயித்தவர். இந்த ஊர் மழையையும் புல்லையும் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர்களுக்கு அது பெரிய பலம் என்பது என் அபிப்பிராயம். நாம் வாரம் ஒரு தடவை போகிறவர்கள், எழுதிவைத்துக்கொண்டுதான் பழக வேண்டும்.


செம்பவாங்

நான் ஆடுவதில்லை, என் மகள் ஆடுகிறாள். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் ஜோகூரில் ஒரு சிறார் போட்டி. பெற்றோர் வண்டிப்பாதையில்தான் நிற்க வேண்டும், பிள்ளைகளிடம் பேசக்கூடாது. 14ஆம் குழியில் பங்கர் மணலில் மாட்டிக்கொண்டாள். மணல் இரண்டு முறை எழும்பியது, பந்து வரவில்லை. தூரத்திலிருந்து எண்ணினேன், ஏழு. மார்க்கராக இருந்த பெண்குழந்தை 6 என்று எழுதியிருக்கிறாள். இவளும் பார்த்துவிட்டுக் கையொப்பம் போட்டுவிட்டாள். மூன்றாவது பரிசு, சின்னக் கோப்பை.

சிங்கப்பூர் திரும்பும் காஸ்வேயில் வழக்கமான ஞாயிற்றுக்கிழமை வரிசை. முன்னிருக்கையில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினாள். டீ, ஃபேர்வே, மணல், மணல்... ஏழாவது விரலில் நின்றாள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். என்னைப் பார்க்கவில்லை. "உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டாள். தெரியும் என்று சொன்னேன்.

வண்டியைத் திருப்ப வழியில்லாத இடம். மறுநாள் காலை அவளே போட்டி நடத்தியவர்களை அழைத்துச் சொன்னாள். அடித்ததைவிடக் குறைத்து எழுதிக் கையொப்பம் போட்டால் தகுதி நீக்கம், கோப்பையைத் தபாலில் அனுப்பிவிட்டோம். அவள் அதை மறந்தேவிட்டாள், இப்போது பதினேழு வயது. எனக்குத்தான் அந்த விரல்கள் கண்ணைவிட்டுப் போகவில்லை. கார்டு மேசைக்குப் போகும் வழியில் என்னைத் தாண்டித்தான் நடந்தாள். "இன்னொரு தடவை எண்ணிப் பாரு கண்ணு" என்று சொல்லியிருக்கலாம். போட்டி விதி இருக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டேன், ஆனால் மனதுக்குள் கோப்பையும் இருந்தது.

தம்பி, நீங்கள் அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். தீபாவளிவரை காத்திருக்க வேண்டாம்.


பிடோக்

செம்பவாங் சகோதரி சொல்வதுதான் சரி. விதி எண் எழுதியதில் எனக்கு மாற்றமில்லை, ஆனால் முதலில் பேசுங்கள்.


ஈசூன்

எல்லாருக்கும் நன்றி. ஜூரோங் நண்பரே, எனக்காக வாதாடினீர்கள், ஆனால் பிடோக் சொன்னதுதான் என் மனதிலும் இருந்தது. தெம்பனிஸ் அண்ணே, என் வழியில் தண்ணீர் நிற்கவில்லை, நான் பயந்து அடித்தேன்.

நேற்று மாலை வேலை முடிந்து, வீட்டுக்குக் கீழே நடைபாதையில் நின்று அவரை அழைத்தேன். தீபாவளி இல்லை, பிறந்தநாள் இல்லை, குரலிலேயே பதறிவிட்டார், யாருக்கு என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை அண்ணே, 2018 மெடல், 17ஆம் குழி, சைரன் என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை.

அவர் பக்கம் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதை யாரோ குறைத்தார்கள்.

"கொடி என் கையில இருந்துச்சு தம்பி," என்றார்.

நான் தலையாட்டியிருக்கக்கூடாது அண்ணே என்றேன். கேட்டது நான்தானே என்றார். கிளப்புக்கு எழுதுவோமா என்று அவரே கேட்டார், இருவர் பெயரையும் போட்டு. சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன். அதற்குப் பிறகு முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். படி இறங்கும்போதுதான் வலிக்கிறது என்றார்.