புளோரன்ஸ்: பியாட்சாலே மிக்கலாஞ்சலோவுக்குப் படி ஏறாமல் போக வழி உண்டா?

பயணப்பை:
அக்டோபர் முதல் வாரம் புளோரன்ஸில் இரண்டு நாள். பியாட்சாலே மிக்கலாஞ்சலோவிலிருந்து சூரிய அஸ்தமனம் பார்க்க வேண்டும். கூட வரும் அம்மாவுக்கு முழங்கால் வலி. எப்படிப் போவது, எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும்? டிக்கெட் உண்டா?

ஆர்னோக்கரை:
டிக்கெட் கிடையாது. அது நகரத்தைப் பார்த்த குன்றின் மேல் ஒரு திறந்த சதுக்கம், இரவிலும் போகலாம். 1869-இல் ஜுசெப்பே போஜ்ஜி வடிவமைத்தது. வண்டி போகிற சாலையோடு சேர்த்தே கட்டியதால் அம்மாவுக்குக் கவலையில்லை. 12 அல்லது 13 எண் பேருந்து சதுக்கத்திலேயே இறக்கிவிடும், தரை சமதளம். பேருந்தில் உள்ள கருவியில் வங்கி அட்டையைத் தட்டினால் போதும். காகித டிக்கெட் என்றால் ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். கையில் டிக்கெட் இருந்தும் பலர் அபராதம் கட்டுவது இதை மறந்துதான்.

நடப்பவர்களுக்கு: பொன்ட்டே அல்லே கிராட்சியே பாலம் தாண்டி, சான் நிக்கோலோ தெரு, சான் மினியாத்தோ வாசல், பிறகு ஏற்றம். பொன்ட்டே வெக்கியோ பாலத்திலிருந்து 20–25 நிமிடம். கடைசிப் பகுதி முழுக்கப் படி, அம்மாவை அந்த வழியில் கூட்டிப் போகாதீர்கள்.

ஒளிமானி:
அந்த வாரம் சூரியன் மறைவது ஏறக்குறைய 6.50-க்கு. 5.45-க்கே போய்விடுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் வந்தால் கைப்பிடிச் சுவர் ஓரம் இடமிருக்காது, முன்னால் நிற்பவர்களின் தலைதான் தெரியும்.

இன்னொன்று. பொன்ட்டே வெக்கியோ பாலத்துக்கு நேர் மேலே சூரியன் இறங்கும் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏமாறுவார்கள். அது ஜூன் மாதக் காட்சி. சதுக்கத்திலிருந்து பாலம் வடமேற்காக இருக்கிறது. அக்டோபரில் சூரியன் கிட்டத்தட்ட நேர் மேற்கே, அதாவது பாலத்துக்கு வெகு இடப்பக்கம் மறையும். டிசம்பரில் இன்னும் தெற்கே நகர்ந்துவிடும்.

ஆனால் அதில் ஒரு லாபம்: வெயில் பக்கவாட்டில் விழுவதால் பேராலயக் குவிமாடத்தின் மேல் விலா எலும்புகள்போல் ஓடும் வரிகள் எடுப்பாகத் தெரியும். குவிமாடம் 1.3 கி.மீ. தள்ளி இருக்கிறது, அதனால் கைபேசியில் அகலக் கோணம் வேண்டாம். 2 அல்லது 3 மடங்கு நெருக்கி, திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். சூரியன் மறைந்ததும் எல்லோரும் கிளம்புவார்கள். நீங்கள் கிளம்ப வேண்டாம். அடுத்த 20–30 நிமிடம் வானம் கருநீலமாகி, கீழே விளக்குகள் எரியும்போதுதான் நல்ல படம். முதல் பேருந்தின் நெரிசலும் அதற்குள் கழிந்துவிடும்.

நகரத்தின் ஓடுகளும் கோபுரங்களும் தெளிவாக வேண்டுமென்றால் காலை 9–11. வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து விழும், கூட்டமும் குறைவு. என்னைக் கேட்டால் மாலையைவிட இதுதான் மேல்.

பயணப்பை:
நன்றி! பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

மலைவாசல்:
சான் மினியாத்தோ அல் மோன்ட்டே தேவாலயம். சதுக்கத்துக்கும் மேலே, பத்து நிமிட நடை. 11-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியது. முகப்பில் பச்சையும் வெள்ளையுமாகப் பளிங்கு. கட்டணமில்லை. நடுப்பகலில் மூடிவிடுவார்கள், தோளும் முழங்காலும் மறையும் உடை தேவை. சாலையிலிருந்து பெரிய படிக்கட்டு இருப்பதால் அம்மாவைச் சதுக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் போய் வரலாம். பின்னாலுள்ள கல்லறைத் தோட்டத்தில்தான் பினோக்கியோவை எழுதிய கொல்லோதியின் கல்லறை.

சதுக்கத்துக்குக் கீழே ரோஜாத் தோட்டம், அதுவும் இலவசம், ஆனால் சரிவு. ஐரிஸ் தோட்டம் ஏப்ரல் இறுதி முதல் மே 20 வாக்கில் வரை மட்டுமே திறக்கும், உங்களுக்கு இல்லை.

சதுக்கத்தில் இருக்கும் மிக்கலாஞ்சலோவின் டேவிட் சிலை வெண்கல நகல். பளிங்கு அசல் நகரத்திலுள்ள அக்காதெமியா கலைக்கூடத்தில். இங்கே பார்த்தாயிற்று என்று அதை விட்டுவிடாதீர்கள்.