செந்தூரா மாம்பழத்தில் கருப்புப் புள்ளி: பூண்டுச் சாறு கேட்குமா?

(கிருஷ்ணகிரி மாவட்டத்து மூவர் பேசுகிறார்கள்; பெயருக்குப் பதில் ஊர்.)

போச்சம்பள்ளி: பறிக்கும்போது பளிச்சென்று இருக்கும் செந்தூரா, பழுக்கப் போட்ட 4, 5 நாளில் கருப்புப் புள்ளி விழுந்து, காம்புப் பக்கம் குழைந்துவிடுகிறது. பூண்டுச் சாற்றில் முக்கினால் நிற்குமா?

காவேரிப்பட்டணம்: புள்ளி ஆந்த்ராக்னோஸ் என்கிற பூஞ்சை நோய். காம்பழுகல் வேறு பூஞ்சை. ஆந்த்ராக்னோஸ் பூவிலும் பிஞ்சிலுமே தொற்றித் தோலுக்கடியில் அடங்கிக் கிடக்கும், பழுக்கும்போதுதான் கிளம்பும். அதனால் மேலே படும் சாறு மட்டும் போதாது தம்பி. முதலில் 52 டிகிரி வெந்நீரில் 5 நிமிடம். தெர்மாமீட்டர் இல்லாமல் இறங்காதீங்க, 55 தாண்டினால் தோல் வெந்துவிடும். ஆறியதும் சாறு: 100 கிராம் பூண்டை நசுக்கி 10 நிமிடம் விட்டு, 1 லிட்டர் பச்சைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, 5 நிமிடம் முக்குங்க. கொதிக்கவைத்தால் பூஞ்சையை அடக்கும் அல்லிசின் போய்விடும். அன்றைக்குக் கரைத்தது அன்றைக்கே தீரணும்.

பர்கூர்: பத்துக் காயில் பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் போங்க. அடிபட்ட காயை ஒதுக்குங்க, ஒன்று விழுந்தாலும் தொட்டித் தண்ணீர் முழுக்கப் பூஞ்சை விதை. முக்கியதும் நிழலில் தோல் காயணும். ஈரத்தோடு கிரேட்டில் அடுக்கினால் செய்த வேலை வீண்.

போச்சம்பள்ளி: பூண்டு வாடை நிற்குமா அண்ணா?

பர்கூர்: காற்றோட்டமாகப் பரப்பினால் குறையும். மூடிக் கட்டாதீங்க. காம்பழுகலுக்குப் பறிப்பிலேயே கவனம் வேணும்: காம்பை ஒடிக்காமல் கத்தரியால் வெட்டுங்க, காயைத் தரையில் போடாதீங்க.