வாங்கிய டிஜிட்டல் கேம்களை வீட்டில் எல்லோரும் விளையாட முறையான வழி என்ன?

கீழமாசி வீதிக்காரர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஒத்தக்கடையில் ஒரே வீட்டில் என் குடும்பமும் என் தம்பியின் குடும்பமும் சேர்ந்து வசிக்கிறோம். கீழே நான், என் மனைவி, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகன், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள். மாடியில் தம்பி, அவர் மனைவி, அவர்களுடைய இரண்டு மகன்கள். அவர்களில் மூத்தவனுக்கு வயது 15, இளையவனுக்கு 8. எனக்குக் கீழமாசி வீதியில் பலசரக்குக் கடை. காலையில் போனால் இரவுதான் வீடு திரும்புவேன்.

ஸ்டீம் என்ற இணையக் கடையில் தள்ளுபடி போடும்போதெல்லாம் கணினி விளையாட்டுகளை என் கணக்கிலேயே வாங்கி வந்திருக்கிறேன். பெரிய பிள்ளைகள் மூவரும் என் கடவுச்சொல்லைப் போட்டுத்தான் விளையாடுகிறார்கள். கீழே மகன் விளையாடிக்கொண்டிருக்கும்போது மாடியில் தம்பி மகன் வேறொன்றைத் திறந்தால் இருவரில் ஒருவர் ஆட்டத்தை நிறுத்த வேண்டியிருக்கிறது. அதில் தினமும் சண்டை. அதோடு புதிதாக உள்நுழையும் ஒவ்வொரு முறையும் என் கைப்பேசிக்கு வரும் ஐந்தெழுத்துக் குறியீடு வேண்டும். வாடிக்கையாளருக்குத் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் "பெரியப்பா, சீக்கிரம் கோடு சொல்லுங்கள்" என்று போன் வரும். முப்பது விநாடிக்கு ஒரு முறை அது மாறிவிடுவதால், கையைத் துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் வேறு எழுத்துகள் வந்திருக்கும். என் வங்கி அட்டையின் விவரமும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்பது இன்னொரு கவலை.

ஒரு முறை பணம் கொடுத்து வாங்கியதை வீட்டிலுள்ள பிள்ளைகள் முறையாகப் பகிர்ந்துகொள்ள வழி இருக்கிறதா? மேலூரில் இருக்கும் என் அக்காவின் மகன் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அவனும் கேட்கிறான், அவனைச் சேர்க்கலாமா? வரும் விடுமுறைக்குள் பிளேஸ்டேஷன் 5 என்ற விளையாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கவும் எண்ணம் உண்டு. டிஸ்க் போடும் மாடலா, இணையத்தில் இறக்கி விளையாடும் டிஜிட்டல் மாடலா, எது எங்களைப் போன்ற வீட்டுக்குப் பொருந்தும்? சின்னவன் கைப்பேசியில்தான் விளையாடுகிறான்; அதற்கும் ஏதேனும் ஏற்பாடு இருந்தால் சொல்லுங்கள்.

புதூர் வாசகர்

ஐயா, வணக்கம். ஸ்டீமைப் பொறுத்தவரை உங்கள் வீட்டுக்காகவே செய்தது போன்ற வசதி இப்போது இருக்கிறது. 2013இல் அவர்கள் கொண்டுவந்த பழைய பகிர்வு முறையில், உரிமையாளர் எதையாவது விளையாட உட்கார்ந்துவிட்டால் அவருடைய மொத்தத் தொகுப்பும் மற்றவர்களுக்குப் பூட்டிக்கொள்ளும். அதனால் பலரும் அதைக் கைவிட்டுக் கடவுச்சொல்லைக் கொடுக்கும் பழக்கத்துக்கே திரும்பினார்கள். 2024 மார்ச்சில் சோதனையாகத் தொடங்கி, அதே ஆண்டு செப்டம்பரில் எல்லோருக்கும் வந்த 'ஸ்டீம் ஃபேமிலீஸ்' அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. உங்களையும் சேர்த்து ஆறு பேர் ஒரு குடும்பமாகச் சேரலாம். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல். எல்லோருடைய விளையாட்டுகளும் ஒரே பொதுத் தொகுப்பாகத் தெரியும். அதிலிருந்து உங்கள் மகன் ஒன்றையும் தம்பி மகன் வேறொன்றையும் ஒரே நேரத்தில் தாராளமாக விளையாடலாம். ஒரே விளையாட்டை இருவர் ஒரே நேரத்தில் விளையாட வேண்டுமானால் மட்டும் குடும்பத்துக்குள் அதற்கு இரண்டு பிரதிகள் வாங்கியிருக்க வேண்டும். இது நியாயமான நிபந்தனை என்றே நான் கருதுகிறேன்.

சேர்க்கும்போது பெரியவர், குழந்தை என்று இரண்டு வகை கேட்கும். பிள்ளைகள் மூவரையும் தயங்காமல் குழந்தை என்றே சேர்த்துவிடுங்கள். அப்போதுதான் யார் எந்த விளையாட்டைத் திறக்கலாம், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்பதை நீங்கள் வரையறுக்க முடியும். யார் எவ்வளவு நேரம் விளையாடினார்கள் என்ற விவரமும் உங்களுக்கு வரும். நீங்கள் கடையில் இருக்கும் நேரத்துக்காக, வீட்டில் இருக்கும் உங்கள் மனைவியையோ தம்பி மனைவியையோ பெரியவராகச் சேர்ப்பது நல்லது. விளையாடாதவருக்கு எதற்கு ஓர் இடம் என்று தோன்றலாம். ஆனால் பொறுப்புள்ள ஒருவர் உடனே அனுமதி தரவும் மறுக்கவும் வீட்டில் இருப்பது, இன்னொரு பிள்ளைக்கு இடம் கொடுப்பதைவிடப் பயனுள்ளது. கணக்குத் தொடங்கக் குறைந்தபட்ச வயது 13 என்பதால் எட்டு வயதுச் சின்னவனுக்கு ஸ்டீம் வேண்டாம்.

எல்லா விளையாட்டும் பகிரப்படாது. வேறு நிறுவனத்தின் கணக்கோ, தனிச் சாவி எண்ணோ, சந்தாவோ கேட்கும் விளையாட்டுகள் பொதுத் தொகுப்பில் வராது. வெளியீட்டாளர் விரும்பாவிட்டாலும் வராது. வாங்குவதற்கு முன் அந்த விளையாட்டின் பக்கத்தில் வலப்புறம் உள்ள வசதிப் பட்டியலில் 'ஃபேமிலி ஷேரிங்' என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டோட்டா 2 போன்ற இலவச விளையாட்டுகளைப் பகிர வேண்டிய தேவையே இல்லை. அவரவர் கணக்கிலேயே இறக்கிக்கொள்ளலாம்.

பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இதுவரை அவர்கள் விளையாடிச் சேமித்த நிலைகளும் சாதனைகளும் உங்கள் கணக்கோடு கட்டுப்பட்டவை; தனிக் கணக்குக்கு மாறினால் தானாகப் பின்தொடர்ந்து வராது. சில விளையாட்டுகள் சேமிப்புக் கோப்பைக் கணினியிலேயே ஒரு கோப்புறையில் வைத்திருக்கும், அதை நகலெடுத்து வைத்தால் பலிக்கக்கூடும். ஆனால் அது விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். நூறு மணி நேரம் விளையாடிக் கட்டியெழுப்பிய பண்ணையோ கோட்டையோ ஒரு பிள்ளைக்குச் சிறிய பொருளல்ல. எனவே எதை முடித்துவிட்டு மாறுவது என்று அவர்களையே முடிவு செய்யச் சொல்லுங்கள். அதன்பிறகு உங்கள் கடவுச்சொல்லை மாற்றி, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் உங்கள் கணக்கை வெளியேற்றிவிட்டு, கணக்கு விவரங்களில் உள்ள 'ஃபேமிலி மேனேஜ்மென்ட்' பகுதிக்குப் போய் அழைப்பு அனுப்புங்கள்.

மாடிக்கும் கீழுக்கும் தனித்தனியாகப் பதிவிறக்கி இணையத்தை வீணாக்க வேண்டாம். ஒரே வைஃபையில் இருக்கும் கணினிகள் ஒன்றிலிருந்து ஒன்று விளையாட்டுக் கோப்புகளை எடுத்துக்கொள்ளும் வசதி ஸ்டீமிலேயே உண்டு. கணக்குகள் ஸ்டீமில் நண்பர்களாக இருந்து, அமைப்புகளில் அதற்கு அனுமதி தந்திருந்தால் போதும்.

திருமங்கலம் இல்லத்தரசி

அண்ணா, பிளேஸ்டேஷன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் அதுதான் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

அதில் 'கன்சோல் ஷேரிங்' என்று ஓர் அமைப்பு உண்டு. உங்கள் கணக்கில் அதை எந்தப் பெட்டியில் இயக்கி வைக்கிறீர்களோ, அந்தப் பெட்டியில் உள்நுழையும் யாரும் நீங்கள் வாங்கிய டிஜிட்டல் விளையாட்டுகளைத் தங்கள் சொந்தக் கணக்கிலிருந்தே விளையாடலாம். உங்களுக்குப் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா இருந்தால் இணையத்தில் மற்றவர்களோடு சேர்ந்து விளையாடும் வசதியும் அவர்களுக்குக் கிடைக்கும். ஒரு கணக்குக்கு ஒரு பிளேஸ்டேஷன் 5 பெட்டியில் மட்டும்தான் இதை இயக்க முடியும். கூடத்தில் ஒரே பெட்டி வைத்து எல்லோரும் விளையாடப்போகிறீர்கள் என்பதால் உங்களுக்கு இது ஒரு தடையே இல்லை. எக்ஸ்பாக்ஸ் என்ற மற்றொரு விளையாட்டுப் பெட்டியிலும் 'ஹோம் எக்ஸ்பாக்ஸ்' என்று ஏறக்குறைய இதே ஏற்பாடு இருக்கிறது.

ஆனாலும் டிஸ்க் போடும் மாடலையே வாங்குங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. டிஜிட்டலாக வாங்கியதை விற்கவும் முடியாது, இன்னொரு வீட்டுக்குக் கொடுத்து அனுப்பவும் முடியாது. டிஸ்க்காக இருந்தால் உங்கள் அக்கா மகன் விடுமுறைக்கு வரும்போது மேலூருக்கு எடுத்துப்போய் விளையாடிவிட்டுத் திருப்பித் தரலாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். விளையாடி முடித்ததைப் பாதி விலைக்காவது கொடுத்துவிட்டு அடுத்ததை வாங்கலாம். பிள்ளைகள் அதிகம் உள்ள வீட்டில் இது பெரிய சிக்கனம். விளையாடும்போதெல்லாம் டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும் என்பதும், பிள்ளைகள் கையில் கீறல் விழலாம் என்பதும் உண்மைதான். இரண்டும் நம்மால் சமாளிக்கக்கூடியவை.

சின்னவனுக்குக் கூகுள் பிளேயில் குடும்பக் குழு ஒன்றை ஏற்படுத்துங்கள். 13 வயதுக்கு உட்பட்டவர் என்பதால் அவனுடைய கணக்கை, பிள்ளைகளின் கணக்கைப் பெற்றோர் கவனிக்க உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் மூலம் அவன் பெற்றோர்தான் தொடங்க வேண்டும். ஒரு குழுவில் நிர்வாகியோடு ஆறு பேர் வரை இருக்கலாம். பணம் கொடுத்து வாங்கிய செயலிகளையும் விளையாட்டுகளையும் குடும்ப நூலகத்தில் சேர்த்தால் மற்றவர்களும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஸ்டார்டியூ வேலி போல ஒரே முறை விலை கொடுத்து வாங்கும் விளையாட்டுகளுக்கு இது மிகவும் ஏற்றது. இலவசமாகக் கொடுத்துவிட்டு உள்ளே காசு, வைரம், பெட்டி என்று விற்கும் விளையாட்டுகளில் வாங்கியவை எதுவும் பகிரப்படாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் செலவாகும். பிள்ளைகள் வாங்க முயன்றால் உங்கள் ஒப்புதல் கேட்கும்படி முதல் நாளே அமைத்துவிடுங்கள். பிளே பாஸ் என்ற சந்தாவையும் யோசிக்கலாம். 2022இல் இந்தியாவுக்கு வந்தபோது மாதம் 99 ரூபாயாக இருந்தது. விளம்பரமும் உள்ளே விற்பனையும் இல்லாத விளையாட்டுகளைக் குடும்பக் குழு முழுவதும் அதில் பயன்படுத்தலாம்.

பரங்குன்றத்துக் கணினி ஆசிரியர்

மேலே இருவரும் தெளிவாக எழுதிவிட்டார்கள். அக்கா மகனைச் சேர்ப்பது பற்றி மட்டும் நான் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: சேர்க்க வேண்டாம்.

பாசத்தில் எனக்கு ஐயமில்லை. நம் பக்கத்தில் அக்கா மகன் என்றால் நம் வீட்டுப் பிள்ளைதான். ஆனால் ஸ்டீம் நிறுவனம் குடும்பம் என்று சொல்வது ஒரே வீட்டில் வசிக்கும் ஆறு நெருங்கிய உறவினர்களை. அவன் வீடு மேலூரில், இருப்பது கோயம்புத்தூரில். விதியைக்கூட ஒரு பக்கம் வைத்துவிடலாம், அதைவிட முக்கியமானது வேறொன்று. குடும்பத்தில் ஒருவர் உங்கள் பிரதியை விளையாடும்போது முறைகேடாக வெல்ல உதவும் ஏமாற்று மென்பொருளைப் பயன்படுத்திப் பிடிபட்டால், அந்த விளையாட்டில் அவருக்கு விழும் தடை, பிரதியின் உரிமையாளரான உங்களுக்கும் சேர்ந்தே விழும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதை எட்டிப் பார்க்கலாம். விடுதியில் ஒரு கணினியை நான்கு பேர் தொடுவார்கள். அந்த நால்வரில் யாரோ செய்வதற்கு உங்கள் அக்கா மகனும் பொறுப்பாக முடியாது, நீங்களும் முடியாது.

இன்னொன்று, ஆறு இடங்களையும் அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். ஒருவர் சேர்ந்துவிட்டு விலகினால், அவர் சேர்ந்த நாளிலிருந்து ஓர் ஆண்டு முடியும் வரை வேறு குடும்பத்தில் சேர முடியாது. அவர் விட்டுப்போன இடத்திலும் அதுவரை வேறு யாரையும் அமர்த்த முடியாது. யாரும் அமராத இடத்துக்கு இந்தத் தடை கிடையாது. ஆகவே காலியாக வைத்திருப்பதில் நட்டமில்லை. கூகுள் குடும்பக் குழுவிலும் பன்னிரண்டு மாதத்தில் ஒரு முறைதான் மாற முடியும்.

அக்கா மகனுக்குச் செய்ய வேண்டியதை வேறு வழியில் செய்யுங்கள். தள்ளுபடிக் காலத்தில் அவனுக்குப் பிடித்த ஒரு விளையாட்டை ஸ்டீமிலேயே பரிசாக வாங்கி அனுப்பலாம். அது அவன் கணக்கில் அவனுக்கே சொந்தமாக இருக்கும், உங்களுக்கும் எந்தப் பொறுப்பும் வராது. குறைந்த விலையில் 'பகிர்வுக் கணக்கு' தருகிறோம் என்று அரட்டைச் செயலிக் குழுக்களில் விற்பவர்களிடம் அவன் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் அப்படி ஒருவரிடம் பணம் கட்டி வாங்கினார். சில வாரங்களில் விற்றவரே கடவுச்சொல்லை மாற்றிக் கணக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கணக்கை விற்பதே விதிக்கு மாறானது என்பதால் முறையிடவும் அவருக்கு இடமில்லாமல் போயிற்று.

'சொந்தமாக' என்று எழுதினேன். டிஜிட்டல் கடைகளில் நாம் வாங்குவது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இதை வாங்குபவருக்கு வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்ற சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதை ஒட்டி ஸ்டீமும் பணம் கட்டும் இடத்தில் அந்தக் குறிப்பைக் காட்டத் தொடங்கியது. உங்கள் கணக்கை நாளை மகன் பெயருக்கு எழுதிக் கொடுக்க விதிகளில் இடமில்லை. இவ்வளவு பணம் போட்டு வாங்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கு இது தெரியாமலே இருப்பது எனக்கு உண்மையான வருத்தம்.

கீழமாசி வீதிக்காரர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நான், என் மனைவி, தம்பி ஆகிய மூவரும் பெரியவர்களாகவும், பிள்ளைகள் மூவரும் குழந்தைகளாகவும் சேர்வது என்று தம்பியிடம் பேசி முடிவு செய்திருக்கிறேன். தம்பிக்கு உடனே தேவைப்படாது என்பதால் அவருடைய இடத்தை இப்போதைக்குக் காலியாகவே விடுகிறேன். அக்காவிடம் நானே நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன். தொலைபேசியில் சொன்னால் ஒதுக்கிவிட்டதாக நினைத்துவிடுவார்.

ஒரே ஒரு ஐயம். இனி வாங்குபவற்றை யார் கணக்கில் வாங்குவது? எப்படியும் எல்லோருக்கும் தெரியப்போகிறது என்பதால் என் கணக்கிலேயே தொடரலாமா?

புதூர் வாசகர்

ஐயா, அப்படிச் செய்ய வேண்டாம். ஒருவர் குடும்பத்தை விட்டு விலகும்போது அவர் கணக்கில் உள்ளவை அவரோடு போகும், மற்றவர்கள் கணக்கில் உள்ளவை அவருக்கு இல்லாமல் போகும். பரங்குன்றத்து ஆசிரியர் சொன்னதுபோல உரிமம் கைமாறாது என்பதால், பிற்காலத்தில் பிரித்துக் கொடுக்கவும் வழியில்லை. ஆகவே எந்த விளையாட்டு யாருக்கு உயிரோ, அதை அவர் கணக்கிலேயே வாங்குங்கள். உங்கள் மகள் தன் கணக்கில் கூடையில் போட்டு அனுமதி கேட்டால், கடையில் இருந்தபடியே கைப்பேசியில் நீங்கள் ஒப்புதல் தந்து பணம் கட்டலாம். விளையாட்டு நேரே அவளுடைய கணக்குக்குப் போய்விடும், உங்கள் அட்டை விவரத்தை அவளுக்குக் கொடுக்க வேண்டியதில்லை. வீட்டில் மூவரும் சேர்ந்து விளையாடும் விளையாட்டுகளுக்கு மட்டும் இரண்டாவது, மூன்றாவது பிரதி தேவைப்படும். அவற்றைத் தம்பி மகன் கணக்கில் தம்பியும், உங்கள் பிள்ளைகள் கணக்கில் நீங்களும் வாங்கினால் செலவும் இரு வீட்டுக்கும் நியாயமாகப் பிரியும். உங்கள் மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியூருக்குப் படிக்கப் போகும் வேளையில் எது யார் கணக்கில் இருக்கிறது என்பது மிகவும் முக்கியமாகிவிடும் என்பதால், அவனுக்கானவற்றை இந்தத் தள்ளுபடியிலிருந்தே அவன் பெயரில் வாங்கத் தொடங்குங்கள்.