புதுப்பிப்பு: லாக் ஃபைல் அடங்கிவிட்டது, ரீஸ்டோரில் வேறொன்று கிளம்பியது

முந்தைய பதிவில் கேட்டது இதுதான்: எஸ்கியூஎல் சர்வரில் (மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) தினமும் ஃபுல் பேக்கப் ஓடியும் லாக் ஃபைல் (ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் கோப்பு) ஏன் டிஸ்க்கை நிரப்புகிறது? பலர் சொன்னது சரி. ஃபுல் ரிக்கவரி மாடலில் (லாக்கை வைத்து நினைத்த நிமிடத்துக்கு மீட்கவிடும் அமைப்பு) ஃபுல் பேக்கப் லாக்கைக் காலி செய்யாது, லாக் பேக்கப்தான் செய்யும். லாக் பேக்கப்பே இல்லாத சிம்பிள் மாடலுக்கு மாறினால் நினைத்த நிமிடத்துக்கு மீட்க முடியாது. அது எங்களுக்கு ஆகாது.

15 நிமிடத்துக்கு ஒரு லாக் பேக்கப் போட்டேன். அப்போதும் இடம் விடவில்லை. சிஸ் டேட்டாபேசஸில் (சர்வரிலுள்ள டேட்டாபேஸ்களின் நிலையைக் காட்டும் பட்டியல்) 'லாக் ரீயூஸ் வெயிட்' பத்தியைப் பார்த்தால் 'ஆக்டிவ் டிரான்சாக்‌ஷன்' என்று நின்றது, அதாவது முடியாத ஏதோ ஒரு வேலை லாக்கைப் பிடித்திருக்கிறது. அப்படி முடியாமல் நிற்பதைக் காட்டும் டிபிசிசி ஓபன்ட்ரான் கட்டளையை ஓட்டியதும் ஆள் சிக்கியது: ஓர் இறக்குமதி ஜாப், பாதி எழுதிவிட்டு கமிட் செய்யாமல் (எழுதியதை உறுதி செய்யாமல்) கனெக்‌ஷனைப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. அதை கில் செய்து, அடுத்த லாக் பேக்கப் முடிந்தபின் ஒரே தடவை ஷ்ரிங்க் (ஃபைலைச் சுருக்குவது). (தினசரி ஷ்ரிங்க் வீண் வேலை, மறுபடி வளரத்தானே போகிறது.)

பேக்கப்பிலிருந்து வேறு சர்வரில் ரீஸ்டோர் செய்து பார்த்தபோது, ஒன்றன்பின் ஒன்றாகப் போட வேண்டிய லாக் பேக்கப் சங்கிலியின் நடுவே ஒரு லாக் பேக்கப் இல்லை. விஎம் (மெய்நிகர் கணினி) பேக்கப் மென்பொருளும் தன் பங்குக்கு லாக் பேக்கப் எடுத்து வேறிடத்தில் வைத்திருந்தது. அங்கே அதை அணைத்தாயிற்று. ரீஸ்டோர் சோதனை இனி வாராவாரம் தானாக ஓடும்.