மூன்று நாள் வெயில்!

முந்திரிக்காடு:
நேற்று முந்திரி ஆலை நடத்தும் போர்மாக்காரர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. "பருப்பு பழுப்பாக வந்தால், கொட்டையை விவசாயி மூன்று நாள் வெயிலில் போடவில்லை என்று அர்த்தம்" என்கிறார். பண்ருட்டிப் பக்கம் முப்பது வருடமாகக் கொட்டை பொறுக்குகிறவன் நான். களத்தில் கொட்டி, காலால் கிளறிவிட்டு, கையில் அள்ளிக் குலுக்கிக் கடகடவென்று சத்தம் கேட்டால்தான் மூட்டை கட்டுவேன். நீராவியில் கூடுதலாக வேகவைத்துவிட்டு, பருப்பை உலர்த்தும் போர்மா அறையின் சூட்டையும் பார்க்காமல் தூங்கிவிட்டு, பழி என் தலையிலா?

போர்மாக்காரன்:
அண்ணே, பெயர் சொல்லி எழுதவில்லையே, உங்களுக்கு ஏன் சுடுகிறது? நான் கேட்டது மூன்று நாள் வெயில், அவ்வளவுதான். ஈரம் எட்டு, ஒன்பது சதவீதத்துக்கு இறங்க வேண்டும். போன சித்திரையில் ஒருத்தர் "நல்லா காஞ்சது" என்று கொடுத்த மூட்டையைப் பிரித்தால் உள்ளே கதகதவென்று சூடு, புளித்த வாடை. வெட்டிப் பார்த்தால் நான்கில் ஒன்று கருத்துக் கிடந்தது. 80 கிலோ மூட்டைக்கு 48 பவுண்டு பருப்பு என்று பேசி வாங்கினேன், 41தான் தேறியது. மிச்சத்தை யார் தருவார்?

கொல்லாங்கொட்டை:
நான் குமரிப் பக்கம். எந்தப் பழுப்பு என்று முதலில் சொல்லுங்கள். சூட்டில் கருகியதா, ஓட்டு எண்ணெய் பட்ட கறையா, பூச்சி குத்திய புள்ளியா, ஈரத்தில் குவித்து வைத்துக் கெட்டதா? ஒவ்வொன்றும் வேறு. ஏற்றுமதித் தரத்தில் எஸ்.டபிள்யூ. என்றாலே வறுக்கும்போதோ போர்மாவிலோ சூடு மிஞ்சிப் பழுப்பேறிய முழுப் பருப்புதான்.

போர்மாக்காரன்:
அதெல்லாம் இருக்கட்டும். மூன்று நாள் போட்டாரா, இல்லையா?

முந்திரிக்காடு:
பார்த்தீர்களா, தரத்துக்கான விளக்கமே போர்மாவைத்தான் கை காட்டுகிறது! குமரிக்காரருக்குப் புரிகிறது, இவருக்குப் புரியவில்லை.

கொல்லாங்கொட்டை:
நான் உங்கள் கட்சி என்று சொல்லவில்லை ஐயா. மழையில் நனைந்த கொட்டையைக் குவித்து வைத்தாலும் நிறம் போகும்.

பாயசம்:
நெய்யில் வறுத்தால் எல்லாமே பழுப்புதானே? இதற்கா இவ்வளவு சண்டை?

போர்மாக்காரன்:
வெள்ளை முழுப் பருப்புக்கும் பழுப்புக்கும் கிலோவுக்கு எவ்வளவு வித்தியாசம் என்று கடையில் கேட்டுவிட்டு வாருங்கள், அம்மா. மூன்று நாள் வெயில் சும்மா சொல்கிற பேச்சா?

பாயசம்:
நான் அம்மா இல்லை, கல்லூரிப் பையன்.

முந்திரிக்காடு:
இவர் உடைப்பதில் பாதி ஐவரி கோஸ்ட் கொட்டை. கப்பலில் வாரக்கணக்கில் புழுங்கி வருகிறதே, அதற்கு எத்தனை நாள் வெயில் போட்டார்கள் என்று அங்கே போய்க் கேட்டாரா? உள்ளூர்க்காரன் என்றால்தான் நாக்கு நீளும்.

போர்மாக்காரன்:
உள்ளூர்க் கொட்டையை வைத்துக்கொண்டு ஆலையை இரண்டு மாதம்தான் ஓட்டலாம். 2011இல் "தானே" புயல் அடித்துத் தோப்பே தரையில் கிடந்தபோது, உடைக்கிற பெண்களுக்கு நீங்களா கூலி கொடுத்தீர்கள்? ஆப்பிரிக்கக் கொட்டைதான் கொடுத்தது.

முந்திரிக்காடு:
புயலை இழுக்காதீர்கள். விழுந்தது எங்கள் மரம். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 ரக ஒட்டுக்கன்று வைத்து மறுபடி எழுந்தோம். அந்த வருடம் கொடுத்த முன்பணத்துக்கு எங்களிடம் எவ்வளவு பிடித்தீர்கள் என்பதையும் எழுதுங்களேன்.

போர்மாக்காரன்:
ஆக, அந்தச் சித்திரை மூட்டை உங்களுடையதுதான். நான் பெயரே சொல்லவில்லை!

முந்திரிக்காடு:
என்னுடையது என்று யார் சொன்னது? ரசீதைப் படம் எடுத்து நாளைக்கே போடுகிறேன்.

கொல்லாங்கொட்டை:
எந்தப் பழுப்பு என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

போர்மாக்காரன்:
ரசீது தாராளமாகப் போடுங்கள். எடை இருக்கும், விலை இருக்கும். எத்தனை நாள் காய்ந்தது என்று அதில் எங்கே இருக்கும்?