தக்காளிக் காயின் அடி கறுக்கிறது, முட்டை ஓடு போட்டும் நிற்கவில்லை

இரவுப்பணி கேட்டது:

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். குறிப்பேட்டில் எழுதிவைப்பதைத் தவிர எனக்குத் தோட்டக் கலையில் வேறு திறமை கிடையாது.

மாடியில் 9 தக்காளிச் செடிகள் இருக்கின்றன. 7 பெரிய காய் ரகம், 2 சிறுதக்காளி. எல்லாம் 15 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் தொட்டிகள். தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், மண் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பினேன். பெரிய ரகத்தில் இதுவரை 41 காய்கள். அவற்றில் 17 காய்களுக்கு அடியில் கறுப்பு.

புழு குடைந்த கறுப்பு இல்லை. காம்புக்கு நேர் எதிரே, பூ ஒட்டியிருந்த இடத்தில், முதலில் நீர் கோத்ததுபோல் மங்கலாக ஒரு வட்டம் தெரிகிறது. நான்கைந்து நாளில் பழுப்பாகி, பிறகு கறுத்து, உள்ளே அமுங்கிப் பழைய செருப்புத் தோல்போல் ஆகிவிடுகிறது. அழுத்தினால் கொழகொழப்பு இல்லை, காய்ந்துதான் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் குறை சொல்ல முடியாத காய். திருப்பிப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது.

கால்சியம் குறை என்று எங்கோ படித்துவிட்டு, 2 மாதமாக முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டுவருகிறேன். தொட்டியின் மேல்மண்ணே வெள்ளையாகத் தெரிகிறது. செடிகளுக்கு வேறு நோய் இல்லை. இடுப்பு உயரம் தாண்டி, கரும்பச்சையாக மதமதவென்று நிற்கின்றன. தண்ணீர் தினமும் விடுகிறேன், அடித்தட்டில் தண்ணீர் வந்ததும் நிறுத்திவிடுவேன். சிறுதக்காளி இரண்டிலும் ஒரு காய்கூடக் கெடவில்லை.

இன்னும் எவ்வளவு ஓடு போட வேண்டும்?

பச்சைவிரல் எழுதியது:

எப்சம் உப்பு ஒரு தேக்கரண்டி எடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வாரம் ஒருமுறை ஊற்றுங்கள். எனக்கு நின்றுவிட்டது.

ஈரக்கை எழுதியது:

பச்சைவிரல் நண்பரே, உங்களுக்கு நின்றது உண்மையாகவே இருக்கலாம். உப்பால் நின்றது என்பதைத்தான் நம்ப முடியவில்லை. எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்பேட். அதில் கால்சியம் துளியும் இல்லை. அது மட்டுமில்லாமல், வேருக்குள் நுழையும்போது மக்னீசியமும் கால்சியமும் ஒன்றை ஒன்று முண்டியடிப்பவை. ஒன்றை அள்ளிக் கொட்டினால் மற்றது வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். இந்தப் பூமுனை அழுகல் பெரும்பாலும் முதல் கொத்துக் காய்களைத்தான் பலமாகத் தாக்கும். வேர் நன்றாகப் பரவியபின் தானாகவே குறையும். அந்தச் சமயம் பார்த்து யார் எதை ஊற்றியிருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடும்.

இரவுப்பணி, உங்கள் ஓட்டுக் கணக்குக்கு வருகிறேன். நானும் ஒரு காலத்தில் முட்டை ஓட்டுக் கட்சிதான். ஒரே தொட்டியில் 2 ஆண்டுகள் ஓடு போட்டேன். பிறகு மண் மாற்றுவதற்காக அதைக் கவிழ்த்தபோது, முதல் ஆண்டு போட்ட துண்டு ஒன்று கையில் வந்தது. கழுவிப் பார்த்தேன். ஓட்டின்மேல் அச்சடித்திருந்த முத்திரையின் இரண்டு எழுத்துகளைப் படிக்க முடிந்தது. உள்பக்கச் சவ்வுகூட ஓர் ஓரத்தில் ஒட்டியிருந்தது. ஓடு கால்சியம் கார்பனேட்தான், பொய் இல்லை. ஆனால் புளிப்புத்தன்மை இல்லாத மண்ணில் அது கரைவதற்குள் உங்கள் செடி நான்கு தலைமுறை கண்டுவிடும்.

ஆனால் ஓடு கரையாததுகூட உங்கள் சிக்கல் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே கலவையில் நிற்கும் சிறுதக்காளிக்கு ஒன்றுமில்லை என்கிறீர்கள். சிறுதக்காளிக்கு இந்தத் தொல்லை அபூர்வம் என்பது உண்மை. அதனால் அதை மட்டும் வைத்து மண்ணில் கால்சியம் இருக்கிறது என்று முடிவுகட்ட மாட்டேன். ஆனால் செடியே கரும்பச்சையாக மதமதவென்று வளர்ந்திருக்கிறதே! கால்சியம் அடியோடு இல்லாத செடியின் கொழுந்து சுருங்கிக் கருகும். உங்கள் செடியில் சத்து இருக்கிறது. காயின் அடிக்குத்தான் போய்ச் சேரவில்லை.

கால்சியம் செடிக்குள் தண்ணீரோடு மட்டுமே பயணம் செய்கிறது. எந்தப் பக்கம் தண்ணீர் அதிகம் ஆவியாகிறதோ அந்தப் பக்கம் ஓடும். இலை நாள் முழுக்க ஆவி விடுகிறது, காய் மிகக் குறைவாகத்தான் விடுகிறது. ஆகவே முதல் பந்தி எப்போதும் இலைக்குத்தான். இலைக்குள் ஒருமுறை போய்விட்ட கால்சியம் திரும்பி வந்து காய்க்குப் போகாது. இலையில் கால்சியம் தெளித்தால் காய் சரியாகாததும் இதனால்தான். பூ காயாகி முதல் 2 வாரம் காய் வேகமாகப் பருக்கும். அந்த நாள்களில் தண்ணீர் ஒருமுறை அறுந்தாலே போதும், மிகத் தொலைவில் இருக்கும் அடிமுனைக்குப் பங்கு கிடைக்காது. அந்த இடத்துத் திசு இடிந்துவிடும். நீங்கள் இன்று பார்க்கும் கறுப்பு, முன்பு எப்போதோ நடந்த வறட்சியின் கையெழுத்து.

அதனால் இரண்டு கேள்விகள். "தினமும்" என்பது உண்மையாகவே தினமுமா? தண்ணீர் ஊற்றத் தொடங்கிய எத்தனையாவது நொடியில் தட்டில் தண்ணீர் வருகிறது?

இடையில் ஒன்று: கறுத்த காய்களைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். அவை தேறாது, செடி வீணாக அவற்றுக்குப் படியளந்துகொண்டிருக்கும். பழுக்கும் தறுவாயில் இருப்பதாக இருந்தால் கறுத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம். இது தொற்று நோய் இல்லை.

இரவுப்பணி எழுதியது:

குறிப்பேட்டில் "நீர்" என்ற கட்டத்தில் எல்லா நாளும் சரி போட்டிருக்கிறது. ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தபின் அந்தச் சரியை யார் போட்டார்கள் என்று பார்த்தேன். வாரத்தில் 2 நாள் எனக்கு இரவுப் பணி. அன்றெல்லாம் அப்பா ஊற்றுவார். எவ்வளவு என்று கேட்டேன். "செடிக்கு ஒரு குவளை. இலை தொங்காமல்தானே இருக்கிறது?" என்றார்.

நான் ஊற்றும் நாளில் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பூவாளியைச் சாய்த்த 8வது நொடியில் தட்டில் தண்ணீர். அப்போது அரை லிட்டர்கூட ஊற்றியிருக்க மாட்டேன். சீக்கிரம் வந்தால் நல்ல வடிகால் என்றுதானே அர்த்தம்? உள்ளே அடியில் இரண்டு விரற்கடை கூழாங்கல்லும் போட்டிருக்கிறேன்.

ஈரக்கை எழுதியது:

8 நொடி! அது வடிகால் இல்லை, ஓட்டம். நார்க்கழிவு கலந்த மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும். நீங்கள் ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கில் இறங்கி, மண்ணைத் தொடாமலே தட்டுக்கு வந்து "வேலை முடிந்தது" என்று உங்களிடம் பொய் சொல்கிறது. நீங்களும் நிறுத்திவிடுகிறீர்கள்.

இப்போதே ஒரு தொட்டியின் ஓரத்தில், சுவரை ஒட்டி விரலை விடுங்கள். பிறகு நடுவில், தண்டுக்கு நான்கு விரற்கடை தள்ளி, ஒரு குச்சியை அடிவரை இறக்கி எடுத்துப் பாருங்கள். ஈரமான மண் குச்சியில் ஒட்டும். காய்ந்த மண் ஒட்டாது.

இரவுப்பணி எழுதியது:

ஓரத்தில் என் சுண்டுவிரல் தடையில்லாமல் இரண்டு கணு இறங்கியது. குச்சியைப் பற்றிச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. மேலே ஓர் அங்குலம் ஈரம். அதற்குக் கீழே குச்சி துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக வந்தது. சந்தேகம் தீரவில்லை. மிக மோசமாகக் காய்த்த செடியை வேரோடு தொட்டியிலிருந்து உருவிவிட்டேன். வெளிப்பக்கம் சுற்றிலும் வேர்கள் வலைபோல் பின்னி ஈரமாக இருந்தன. நடுவில் ஒரு தேங்காய் அளவுக்கு மண், தட்டினால் தூசி பறக்கிறது. தினமும் தண்ணீர் குடித்த செடியின் வயிற்றில் தூசி!

தொட்டிமண் எழுதியது:

ஈரக்கை சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கலவையை முழுக்க விடுதலை செய்துவிட வேண்டாம். நார்க்கழிவு சரியாகக் கழுவாததாக இருந்தால் அதில் சோடியமும் பொட்டாசியமும் நிறைய இருக்கும். கால்சியம் வந்தால் அவற்றை வெளியே தள்ளிவிட்டு நாரே அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால்தான் நார்க்கழிவைத் தொழில்முறையில் தயார் செய்கிறவர்கள் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துக் கழுவுகிறார்கள். வீட்டில் அவ்வளவு வேண்டாம், இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டுப் பிழிந்தாலே உப்பில் பெரும்பகுதி போய்விடும். அடுத்த முறை மூன்றில் ஒரு பங்கு போடாமல் நாரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கூழாங்கல்லை எடுத்துவிடுங்கள். கல் போட்டால் வடிகால் கூடும் என்பது காலகாலமாகச் சொல்லிவரும் தவறு. பொடி மண்ணிலிருந்து கல்லுக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது. மேலே மண் தண்ணீரில் நிறைந்து தளும்பிய பிறகுதான் இறங்கும். எனவே ஈரம் தேங்கும் பட்டை கல்லுக்கு மேலே, வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. வேருக்கான இடமும் இரண்டு விரற்கடை குறைகிறது. அடியில் துளைகள் இருந்தால் போதும்.

என்ன உரம் போடுகிறீர்கள்? அந்தக் கரும்பச்சை எனக்கு உறுத்துகிறது.

இரவுப்பணி எழுதியது:

தழைச்சத்து உரம், வாரம் ஒருமுறை. பையில் போட்டிருந்த அளவைவிடக் கொஞ்சம் கூடவே. செடி மகிழ்ச்சியாக இருந்ததால் நானும் நிறுத்தவில்லை.

ஈரக்கை எழுதியது:

நிறுத்துங்கள். தழைச்சத்து இலையைத்தான் பெருக்கும். இலை பெருகினால் பந்தியில் ஆள் கூடும், காய்க்கு இன்னும் குறையும். அம்மோனிய வடிவில் இருக்கும் தழைச்சத்து கால்சியத்தோடு நேரடியாகவே போட்டியிடும்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு தொட்டியையும் ஒரு பெரிய வாளி அல்லது தொட்டியில், விளிம்புக்கு நான்கு விரற்கடை கீழே தண்ணீர் நிற்கும்படி இறக்குங்கள். மேலிருந்து ஊற்ற வேண்டாம், துளை வழியாக மண் தானே இழுக்கட்டும். நிறையக் குமிழி வரும், அது மண்ணில் சிக்கியிருந்த காற்று. குமிழி நின்று மேல்மண் கறுத்து மின்னும்வரை வையுங்கள். அரை மணி நேரம் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். எடுத்து வடியவிட்டுத் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். அந்தக் கனத்தைக் கை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். குறிப்பேட்டில் எழுத முடியாத கணக்கு அது. அப்பாவையும் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்த முறை தண்ணீர் வேண்டுமா என்று தொட்டியின் ஓரத்தைச் சாய்த்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஓர இடுக்கில் புதுக் கலவையைக் குச்சியால் இடித்து நிரப்புங்கள். மேலே காய்ந்த இலையோ வைக்கோலோ மூன்று விரற்கடை மூடாக்கு. தண்டை ஒட்டி மட்டும் வேண்டாம். இனி ஊற்றுவதை இரண்டு தவணையாக ஊற்றுங்கள்: முதல் தவணை மண்ணை விழிக்க வைக்க, கால் மணி நேரம் கழித்து இரண்டாவது தவணை குடிக்க. கடும் வெயிலில் இந்த வளர்ச்சிக்கு ஒரு செடி நாளொன்றுக்கு 2 லிட்டருக்கு மேலேயும் கேட்கும். அதற்காக எப்போதும் சதசதவென்றும் வைக்காதீர்கள். காற்று இல்லாத வேரும் கால்சியத்தை இழுக்காது, கடைசியில் இதே கறுப்புத்தான் வரும்.

உருவிய செடியைத் திரும்ப வைத்தீர்களா?

இரவுப்பணி எழுதியது:

வைத்தேன். இரண்டு நாள் வாடி நின்று மிரட்டியது, பிறகு நிமிர்ந்துவிட்டது. 7 தொட்டிகளையும் முறைவைத்து ஊறவைத்தேன். குமிழிச் சத்தம் முதல் தொட்டியில் 40 நிமிடம் நிற்கவில்லை. அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

*(4 வாரம் கழித்து)*

கணக்கு: ஊறவைத்த பிறகு பிடித்த காய்கள் 23, கறுத்தது 1. அந்த ஒன்று, வேரோடு உருவி நான் படுத்திய செடியில்தான். முன்பே பாதி பருத்திருந்த காய்களில் இன்னும் 3 கறுத்தன, அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. தண்ணீர் இப்போது 2 நிமிடத்துக்கு மேல் ஆகித்தான் தட்டுக்கு வருகிறது. முட்டை ஓட்டை மேல்மண்ணிலிருந்து பொறுக்கி எடுத்துவிட்டேன், எல்லாம் போட்டபடியே இருந்தன.

புதிதாக ஒன்று. நேற்று இரண்டு பழங்கள் காம்பைச் சுற்றி வட்டமாக வெடித்திருந்தன. கறுப்பு எதுவும் இல்லை, தோல்தான் பிளந்திருக்கிறது. இது எந்தச் சத்துக் குறை?

ஈரக்கை எழுதியது:

எதுவும் இல்லை. காய்ந்து கிடந்த தொட்டியில் ஒரேயடியாகத் தண்ணீர் இறங்கினால் உள்சதை வேகமாக உப்பும், பழுத்த தோல் ஈடுகொடுக்காமல் பிளந்துவிடும். ஒருநாள் விட்டு மறுநாள் சேர்த்து ஊற்றியிருக்கிறீர்கள். குறிப்பேட்டைப் பாருங்கள்.

இரவுப்பணி எழுதியது:

பார்த்தேன். செவ்வாய்க்கிழமை கட்டத்தில் சரி போட்டிருக்கிறது. அப்பாவின் கையெழுத்து. கேட்டேன். "தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன், கனமாகத்தான் இருந்தது" என்கிறார். அவருக்கு இடுப்புவலி ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது.