டிஜிட்டல் படத்தைப் பாதுகாப்பது பிலிமைவிட எளிதா?

நெகட்டிவ்_பெட்டி (கேள்வி):
2011இல் டிஜிட்டல் கேமராவில் எடுத்த எங்கள் சிறிய படத்தின் மூலக் கோப்புகளை இரண்டு எல்டிஓ-5 நாடாக்களில் (கணினிக் கோப்புகளைச் சேமிக்கும் காந்த நாடா; எண் அதன் தலைமுறை) பதிந்து அலமாரியில் வைத்திருந்தோம். அண்மையில் ஒரு நிலையத்துக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த எல்டிஓ-8 இயந்திரம் அவற்றைப் படிக்கவே இல்லை. பிலிம் போய் டிஜிட்டல் வந்தால் படம் அழியாது என்றுதான் அன்று சொன்னார்கள். நாடா பழுதாகிவிட்டதா?

கூடம்7:
பழுதாகியிருக்க வேண்டியதில்லை. எல்டிஓ-7 வரையிலான இயந்திரங்கள் தமக்கு முந்தைய இரண்டு தலைமுறை நாடாக்களைப் படித்தன; எல்டிஓ-8 ஒரு தலைமுறைதான் பின்னே போகும். 5, 6, 7 இவற்றில் ஏதாவது ஓர் இயந்திரம் வைத்திருப்பவரைத் தேடிப்பிடித்துப் புதிய நாடாவுக்கு மாற்றுங்கள். இரண்டு பிரதிகளையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

குளிர்ந்த, ஈரமற்ற அறையில் வைத்த நெகட்டிவைப் பல பத்தாண்டுகள் கழித்தும் விளக்கொளியில் பிடித்துப் பார்த்துவிடலாம். டிஜிட்டல் கோப்போ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டே இருந்தால்தான் பிழைக்கும். ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமி 2007இல் வெளியிட்ட அறிக்கை, ஒரு படத்தின் 4கே டிஜிட்டல் மூலப் பிரதியைப் (மாஸ்டர்) பேண ஆண்டுக்கு 12,514 டாலரும் பிலிம் மாஸ்டருக்கு 1,059 டாலரும் ஆகும் என்று கணக்கிட்டது. சேமிப்புக் கருவிகளின் விலை அதன்பின் வெகுவாக இறங்கிவிட்டது என்றாலும், ஒரு தடவையோடு முடியாத செலவு என்பது மாறவில்லை.

கொட்டகைக்காரர்:
பிலிமுக்காக இவ்வளவு ஏங்க வேண்டாம். 1931இல் வந்த ‘காளிதாஸ்’, ‘ஆலம் ஆரா’ இரண்டும் பிலிமில்தான் இருந்தன. இன்று இரண்டுக்கும் பிரதி இல்லை. நைட்ரேட் பிலிம் தீப்பற்றும், அசிடேட் பிலிம் நம் கடற்கரை ஈரத்தில் வினிகர் வாடை எடுத்துச் சுருங்கும், கறுப்பு வெள்ளைப் பிரதிகளை அதிலுள்ள வெள்ளிக்காகவே கழுவி விற்றவர்களும் உண்டு.

ஆனால் அன்று ஊர் ஊராகச் சுற்றிய படப்பெட்டிகளில் ஒன்றாவது எங்கோ ஒரு கொட்டகையில் மறந்துபோய்க் கிடந்து, பின்னாளில் படத்தைக் காப்பாற்றும். இன்று கொட்டகைகளுக்குப் போகும் டிஜிட்டல் பிரதியான டிசிபிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பூட்டிய டிசிபி என்றால் அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவி குறிப்பிட்ட சர்வருக்கு, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டுமே வேலை செய்யும். ஆகவே உங்கள் படத்தின் பூட்டில்லாத டிசிபியைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

நெகட்டிவ்_பெட்டி:
இருவருக்கும் நன்றி. தெரிந்த எடிட்டர் ஒருவரிடம் எல்டிஓ-6 இயந்திரம் இருந்தது. முதல் நாடா முழுமையாக வந்துவிட்டது. இரண்டாவதை இயந்திரம் ஏற்றுக்கொண்டாலும் கோப்புகள் திறக்கவில்லை. எந்த மென்பொருளில் பதிந்தோம் என்று உறையின்மேல் எழுதிவைக்க எங்களில் யாருக்கும் அன்று தோன்றவில்லை.